இரண்டு கங்காணிகளும் ஒரு படகின் மூக்கும்

இப்போது வரும் மோட்டார்களில் கைப்பிடியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அழுத்தினால் மோட்டார் உள்ளே சாய்ந்து படகின் மூக்கு தாழ்கிறது. மறுபடி அழுத்தினால் வெளியே சாய்ந்து மூக்கு எழுகிறது. சென்ற மாதம் நீங்கள் எனக்கு அதைக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று யாரும் கேட்கவில்லை, வயதானவர் என்று விட்டுவிட்டீர்கள். அதற்கான விளக்கம்தான் இது. நீர்த்தேக்கத்தில் படகு ஓட்ட வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஹட்டனிலிருந்து இறங்கும் எங்கள் பள்ளத்தாக்கில் அணை கட்டி, நீர் ஏறிவிட்டிருந்தது. தோட்டத்துப் பழைய பாதை, பாலம், ஆற்றோரத்து மலைகள், அதாவது தேயிலைச் சரிவுகள், எல்லாம் நீருக்கு அடியில் போயின. தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. தேயிலை ஆலை, அதாவது நாங்கள் ஸ்டோர் என்று சொல்வது, இக்கரையில் நின்றது. நல்ல கொழுந்து தரும் மலைகளும் ஆட்கள் குடியிருக்கும் இரண்டு லயங்களும் அக்கரையில் நின்றன. நான் அதுவரை கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தை நடத்திய துரை ஒரு தட்டையான மரப்படகை வாங்கினார். அதன் பின்பலகையில் ஒரு மோட்டாரை மாட்டி, லொறி ஓட்டியவன் இதையும் ஓட்டுவான் என்று என்னை அதில் ஏற்றினார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏற்றம் வந்தால் மிதிப்பது லொறிக்காரன் பழக்கம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தடுமாறியபோதெல்லாம் நான் கைப்பிடியை இன்னும் முறுக்கினேன். மூக்கு இன்னும் எழுந்தது. எதிரே கரை தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. பெட்ரோல் மட்டும் வேகமாகப் போயிற்று.

அணைக்கட்டு வேலைக்காக ஒரு பெரிய படகு ஓட்டிக்கொண்டிருந்த சிங்களவர் ஒருவர் இதைச் சில நாட்கள் பார்த்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். பெயரை நான் கேட்கவில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஒருநாள் தன் படகை என் அருகே கொண்டுவந்து கத்தினார்.

“பஸ்ஸ பலன்ன மச்சான், பஸ்ஸ பலன்ன!”

பின்னால் பார் என்று அர்த்தம். ஏதோ விழுந்துவிட்டதென்று பயந்து திரும்பினேன். ஒன்றும் விழவில்லை. படகுக்குப் பின்னால் நீர் மண்மேடு போலக் குவிந்து வந்துகொண்டிருந்தது. அவர் தன் படகின் பின்புறத்தைக் காட்டினார். அங்கே நீர் இஸ்திரி போட்ட துணி மாதிரி விரிந்து கிடந்தது. பிறகு என் படகில் ஏறி மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மோட்டார் தொங்கும் சட்டத்தில் வரிசையாகச் சில துளைகள், அதில் ஒன்றில் ஓர் இரும்பு ஊசி. அந்த ஊசியைப் பிடுங்கி, மோட்டார் உள்ளே சாயும்படி அடுத்த துளையில் செருகினார். அவ்வளவுதான். அதே படகு, அதே மோட்டார், பாதிக் கைப்பிடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

படகு எப்படிப் போகிறது என்று மூக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அது விட்டுச்செல்லும் நீரைப் பார்த்தால்தான் தெரியும். இதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஆனால் வெறும் படகில் ஊசியை மாற்றுவது சுலபம். ஆட்களும் சாக்குகளும் ஏறிய பிறகு ஆரம்பிப்பதுதான் நம் தொழில்.

அக்கரைக் கொழுந்து அதுவரை லொறியில் மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நீண்ட வளைவுப் பாதை அது. ஸ்டோருக்கு வந்து சேரும்போது சாக்குக்குள் கை வைத்தால் சூடாக இருக்கும், கொழுந்து சிவந்திருக்கும். ஸ்டோரில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறுவார். அதனால்தான் படகு. படகிலும் கொழுந்து கெட்டால், அக்கரை மலைகளைப் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்துவிடுவது என்று துரை முடிவு செய்திருந்தார். அங்குள்ள குடும்பங்களில் பாதி அந்தத் தோட்டத்துக்குப் போகும், பாதி இக்கரைக்கு வரும். சனிக்கிழமை பின்னேரக் கொழுந்து இறங்கும்போது டீமேக்கரோடு துறையில் வந்து நிற்பேன், அன்றைக்குச் சொல்வேன் என்று சொல்லிவிட்டார்.

அக்கரை லயத்தில் இராமாயி என்று ஒரு பெண் இருந்தார். கொழுந்து பறிப்பதில் நல்ல கைக்காரி, அதைவிட நல்ல வாய்க்காரி. மகளை அதே லயத்தில் அடுத்த காம்பிராவுக்கே, அடுத்த அறைக்கே, கட்டிக்கொடுத்திருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். பிரித்து அனுப்பினால் இவர் ஒரு தோட்டம், மகள் ஒரு தோட்டம்.

“நான் கொழம்பு கூட்டி வச்சா, வாசத்துலயே உப்புக் கொறைச்சலுன்னு சொவருக்கு அந்தாண்டயிருந்து கத்துவா எம்மக,” என்றார் ஒருநாள், சாக்கைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே. “இந்தத் தண்ணி வந்து எங்க சொவத்த ஒசரமாக்கிப்புடும் போல இருக்கு. பாத்து ஓட்டுங்க ட்ரைவர் தம்பி.”

நான் பார்த்துத்தான் ஓட்டினேன். ஆனாலும் அந்த வாரம் கொழுந்து நனைந்துகொண்டே வந்தது.

காரணம் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சாக்குகள் எல்லாம் படகின் மூக்கில் குவிந்திருந்தன. மூக்கு தாழ்ந்து, ஒவ்வோர் அலையையும் உள்ளே அள்ளிப் போட்டது. ஊசியை வெளித்துளைக்கு மாற்றிப் பார்த்தேன். மூக்கு கொஞ்சம் எழுந்தது, ஆனால் வால் லேசாக இருந்ததால் விசிறி நீரைப் பிடிக்காமல் மோட்டார் ஊளையிட்டது. தார்ப்பாய் போட்டு மூடலாம் என்றால், உள்ளே கொழுந்து வெந்துவிடும், லொறியிலேயே வந்திருக்கலாம்.

சாக்குகளைப் பின்னால் தள்ளுவதுதான் ஒரே வழி. ஆனால் அங்கே இரண்டு கங்காணிகள் இருந்தார்கள்.

ஒருவர் பெரியசாமி கங்காணி. ஆள் கனம். கறுப்புக் கோட்டும் குடையும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மற்றவர் முத்துவேல் கங்காணி. ஒல்லி, விறைப்பு, தலைப்பாகையில் ஒரு மடிப்புக் கலையாது. இருவருக்கும் கீழே ஒவ்வொரு கூட்டம் கொழுந்து பறித்தது. நான் படகின் மூக்கைத் துறையில் இடித்து நிறுத்துவது வழக்கம், ஆகையால் மூக்கில் இருக்கும் சாக்குதான் முதலில் இறங்கும். முதலில் இறங்குவது முதலில் நிறுவைக்குப் போகும், முதலில் வாட்டத்துக்கு, அதாவது காயப்போட, மாடி ஏறும். ‘இன்னைக்கு மொதக் கொழுந்து யாரு?’ என்று ஸ்டோரில் கேட்பார்கள். அந்தப் பெயர் மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை மலைக்கு அனுப்பும் அந்த இடத்தில், எல்லோர் வாயிலும் இருக்கும். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இருவரும் மூக்கில் சாக்கை அடுக்கினார்கள்.

“கங்காணி ஐயா, பாதிச் சாக்கப் பின்னால வைங்க. மூக்கு முழுகுது,” என்றேன் பெரியசாமியிடம்.

“வச்சிட்டா? நாளைக்குப் பெரட்டுல நான் எவன் மூஞ்சில முழிக்கிறது? அவரு சாக்க வைக்கச் சொல்லுங்க.”

முத்துவேல் குனிந்து தலைப்பாகையைச் சரிசெய்தார். “எங்க பொம்பளைங்க பறிச்சது முந்தி வந்து சேந்திச்சு. முந்தி வந்தது பிந்தி எறங்குமா? என்னா நாயம் இது?”

“ஒரு நாளைக்கு ஒருத்தர் முன்னால வைங்க,” என்றேன்.

அதற்கு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் பெரியசாமியின் முறை. அவர் தன் கூட்டத்தின் சாக்குகள் அனைத்தையும் மூக்கில் ஏற்றினார். அதற்கடுத்த நாள் முத்துவேலின் முறை. அவர் இரண்டு சாக்கு கூடுதலாகவே ஏற்றினார். முறை மாறியது, மூக்கு அப்படியே முழுகியது. சாக்கு வைக்கும் இடத்துக்குப் பலகையில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். காலில் மிதிபட்டு அழிந்ததாகச் சொன்னார்கள். சரியாக அந்தக் கோட்டை மட்டும் மிதித்த கால் அது.

வெள்ளிக்கிழமை கொழுந்தை டீமேக்கர் பிழிந்தே காட்டினார். விரலிடுக்கில் நீர் சொட்டியது. கையைச் சாக்கிலேயே துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

துறையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வாரமாக நான் சாக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாக்குக்கு மூக்கின் மேல் ஆசை இல்லை. கங்காணிகளுக்கும் மூக்கின் மேல் ஆசை இல்லை. அவர்களுக்கு வேண்டியது கரைக்கு முதலில் சேரும் இடம். அந்த இடத்தை மூக்கில் வைத்திருந்தவன் நான்தான். படகை அப்படி நிறுத்தவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அன்று மாலையே துறையின் ஓரமாக இரண்டு கம்பங்கள் நடச் செய்தேன். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

தம்பிமார்களே, உங்கள் படகிலும் எல்லோரும் ஒரே பக்கம் போய்க் குவிவார்கள். நகருங்கள் என்று சத்தம் போடுவதற்கு முன், அந்தப் பக்கத்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதை எடுத்து நமக்கு வேண்டிய இடத்தில் வைக்க முடிந்தால், நாம் வாயே திறக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை பகல் கழிந்ததும் காற்று கிளம்பியது. பள்ளத்தாக்கின் வாயிலிருந்து மேல்நோக்கி அடித்த காற்று. நீரின் மேல் வெள்ளை நுரை தெரிந்தது. அக்கரையில் சாக்குகள் வரிசையாகக் காத்திருந்தன. இரண்டு கங்காணிகளும் படகின் மூக்கருகே நீரில் கால் நனைய நின்றார்கள்.

“ஒரு வார்த்த,” என்றேன். “இன்னைக்கு மூக்கக் கொண்டுபோய் இடிக்கப் போறதில்ல. படகத் தொறையோட ஓரமாக் கட்டப் போறேன். கம்பம் நட்டிருக்கு.”

முத்துவேலுக்கு உடனே புரியவில்லை. “ஓரமான்னா?”

“விலாப்பக்கமா. லொறிய ஸ்டோர் வாசல்ல நிறுத்துற மாதிரி.”

இராமாயி கெக்கலித்துச் சிரித்தார். “அப்ப முன்னாலன்னு ஒண்ணு இல்லையே! இனி ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சிக்குவீங்க?”

பெரியசாமி குடையால் கரையைக் குத்திக்கொண்டு யோசித்தார். “அப்பிடின்னா மொதல்ல எறங்குறது எது?”

“தொரை நிக்கிற எடத்துக்கு எது நேரா இருக்கோ அது. அவரு ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல நிப்பாரு.”

நடுவில் என்று நான் சொன்ன உடனே இருவரும் நகர்ந்துவிட்டார்கள். ‘நடுவுல வைங்க! நடுவுல வைங்க!’ என்று இரு கூட்டத்துக்கும் குரல் கொடுத்தார்கள். சாக்குகள் படகின் நடுவில், நான் ஒரு வாரமாகக் கெஞ்சிய அதே இடத்தில் ஏற ஆரம்பித்தன. அப்போதுதான் முத்துவேல் என்னிடம் நெருங்கி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எந்தப் பக்கம் தொறையில ஒட்டும் தம்பி? வலதா, எடதா?”

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஒரு பக்கத்தைச் சொல்லியிருந்தால் அத்தனை சாக்கும் அந்தப் பக்கம் ஏறி, படகு சாய்ந்திருக்கும்.

“காத்து எப்பிடி அடிக்குதோ அப்பிடி. போய்ச் சேந்தாத்தான் தெரியும்.”

வலப்பக்கத்தைப் பெரியசாமி எடுத்துக்கொண்டார், இடப்பக்கத்தை முத்துவேல் எடுத்துக்கொண்டார். ஒருவர் ஒரு சாக்கு வைத்தால் மற்றவரும் ஒன்று வைத்தார். தராசில் நிறுத்தாலும் அத்தனை சமமாக வந்திருக்காது. நான் ஊசியை நடுத்துளையில் செருகிவிட்டு உட்கார்ந்தேன்.

“நானும் வர்றேன்,” என்று இராமாயி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். “எங்க கொழுந்து. எங்க கண்ணு முன்னால தொரை சொல்லட்டும்.”

படகு புறப்பட்டதும் பின்னால் பார்த்தேன். நீர் விரிந்து கிடந்தது. அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. ஆனால் நேராகக் கடக்க முடியாது. நடுவில் பழைய சவுக்கு மரங்களின் தலைகள் நீருக்கு மேல் நின்றன. அவற்றைச் சுற்ற முதலில் காற்றை எதிர்த்துப் போகவேண்டும், பிறகு திரும்பிக் காற்றோடு இறங்கவேண்டும்.

எதிர்க்காற்றில் மூக்கு ஒவ்வோர் அலைக்கும் மேலே எகிறி, அடியில் அறைந்து விழுந்தது. விழும்போதெல்லாம் பக்கவாட்டில் சாரல் தெறித்தது. இன்னும் சற்று அப்படியே போனால் சாக்கு நனையும். மூக்கு கொஞ்சம், ஒரு கையளவு, தாழ்ந்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் ஊசியை மாற்ற மோட்டாரை நிறுத்தவேண்டும். அந்தக் காற்றில் நிறுத்தினால் படகு மரத்தலைகளில் போய்த்தான் நிற்கும்.

இரண்டு கங்காணிகளும் குளிருக்கு மோட்டாரின் சூட்டில் என் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டு பேரும் முன்னால போங்க. குந்திக்கிட்டே போங்க, எழும்பக் கூடாது.”

“அவரு போகட்டும், பின்னாலயே வர்றேன்,” என்றார் பெரியசாமி.

“மூத்தவரு முந்தி,” என்றார் முத்துவேல்.

ஒரு வாரமாக முன்னால் போகச் சண்டை போட்டவர்கள், முன்னால் போகச் சொன்னபோது ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். ஓர் அலை பலகையில் அறைந்தது.

“ஐயோ, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க, மொறை வைக்கிறதுக்கு!” என்று இராமாயி கத்தினார். “ரெண்டு பேரும் ஒண்ணா நகருங்க! எங்க லயமே இந்தப் படகுலதான் இருக்கு!”

நகர்ந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக, தவழ்ந்து, சாக்குகளுக்கு முன்னால் போய்க் குந்தினார்கள். மூக்கு தாழ்ந்தது. அறைவது நின்றது. படகு அலையைக் கீறிக்கொண்டு போயிற்று. சாரல் இப்போது கங்காணிகளின் முகத்தில்தான் விழுந்தது, அதையும் பெரியசாமி குடையை விரித்துத் தடுத்தார். அந்தக் குடை அன்று கொழுந்துக்கும் சேர்த்தே பயன்பட்டது.

மரத்தலைகளைக் கடந்ததும் திரும்பவேண்டும். திரும்பும் நேரத்தில் படகு அலைக்குக் குறுக்கே கிடக்கும். திரும்பி முடித்ததும் காற்று பின்னாலிருந்து தள்ளும். அப்போது மூக்கு தாழ்ந்திருந்தால், முன்னால் போகும் அலையின் முதுகில் குத்தி நீரை அள்ளிவிடும். இரண்டு அலைகளுக்கு இடையே கொஞ்சம் சமமான நீர் வரும்வரை காத்திருந்தேன். வந்தது.

“பின்னால வாங்க! ரெண்டு பேரும்! இப்ப!”

இந்தத் தடவை மரியாதை பார்க்கவில்லை. இரு கங்காணிகளும் குழந்தைகள் மாதிரிச் சரசரவென்று தவழ்ந்து வந்தார்கள். முத்துவேலின் தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. திரும்பும்போது ஓர் அலை வலப்பக்கப் பலகையை நனைத்துவிட்டுப் போனது. அடுத்த கணம் மூக்கு எழுந்தது, காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

நீங்கள் காட்டிய பொத்தானைப் பார்த்து நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். எனக்கும் பொத்தான் இருந்தது. ஒன்று கோட்டுப் போட்டிருந்தது, மற்றது தலைப்பாகை கட்டியிருந்தது.

துறையில் துரையும் டீமேக்கரும் நின்றார்கள். காற்றுக்கு முகம் கொடுத்துப் படகைத் திருப்பிக் கம்பங்களோடு ஒட்டினேன். ஒட்டியது இடப்பக்கம், முத்துவேலின் பக்கம். அவர் தலைப்பாகையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தார். பெரியசாமியின் முகம் விழுந்துவிட்டது.

ஆனால் டீமேக்கர் வலப்பக்கப் பலகை ஈரமாக இருப்பதைக் கண்டுவிட்டார். பக்கத்திலிருந்த சாக்குகளைத் தொடவே இல்லை. படகுக்குள் கால் வைத்து, மறுபக்கம் எட்டி, ஈரப் பலகையோடு ஒட்டியிருந்த பெரியசாமியின் சாக்கில் முழங்கை வரை கையை விட்டார். இராமாயி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். நானும்தான்.

கை வெளியே வந்தது. அவர் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். கைநிறைய இருந்த கொழுந்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். இன்னொரு சாக்கு, பிறகு இன்னொன்று.

“ஈரம் இல்ல. சூடும் இல்ல,” என்றார் துரையிடம். பிறகு ஸ்டோர் ஆட்களைப் பார்த்து, “வாட்டத்துக்கு ஏத்துங்கப்பா.”

துரை தன் தோட்டத் தமிழில், “சரி. போட் ஓடட்டும். ஆள் எல்லாம் அங்கயே இருக்கட்டும்,” என்றார். திரும்பி நடந்துவிட்டார். அத்தனை பெரிய விஷயத்தை அவ்வளவு சின்ன வார்த்தைகளில் முடித்துவிட்டார் என்று நான் அன்றைக்கு வியந்தேன்.

சாக்குகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கங்காணிகள் தொடங்கிவிட்டார்கள். முதலில் இறங்கியது தன் சாக்கு என்றார் முத்துவேல். முதலில் கை வைத்துப் பார்த்தது தன் சாக்கு என்றார் பெரியசாமி. திங்கட்கிழமைப் பெரட்டில் இருவரும் தாங்களே முதல் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருவரும் சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு நான் அந்தப் படகை ஓட்டிய காலம் முழுவதும் சாக்குகள் நடுவில்தான் ஏறின. எந்தப் பக்கம் கட்டுவேன் என்பதை நானும் கடைசிவரை முன்கூட்டிச் சொன்னதில்லை.

திரும்பும்போது படகு காலி. காலிப் படகில் ஓட்டுபவன் மட்டும் வாலில் உட்கார்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். கங்காணிகள் கணக்குச் சரிபார்க்க ஸ்டோரில் தங்கிவிட்டார்கள். ஆகவே இராமாயியை முன்னால் உட்காரச் சொன்னேன்.

“நானா? மூக்குலயா?”

“நீங்கதான். இல்லாட்டிப் படகு நேரா போகாது.”

அவர் காலியான சாக்குகளை மடித்துப் போட்டு, மூக்கின் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்றும் அடங்கிவிட்டிருந்தது. மலைகளில் வெயில் மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். நீர் இக்கரையிலிருந்து அக்கரைக்கு இழுத்த கோடு மாதிரிக் கிடந்தது.

அக்கரையில் லயத்து ஆட்கள் கூடி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் இராமாயியின் மகள், முழங்கால் நீரில்.

“என்னாம்மா சொன்னாங்க?” என்று அவள் தூரத்திலிருந்தே கேட்டாள்.

நான் மோட்டாரைத் தணித்தேன், பதில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

“நீ என்னா இங்க நிக்கிற?” என்றார் இராமாயி. “போயி அடுப்பப் பத்த வை. இன்னைக்கி உப்ப நான் சரியாப் போடுறேன்.”